முதற்பிடி மண்

மேற்கே கணவாய் வழி நுழைந்த காற்று பனையோலைகளைச் சலசலக்கச் செய்து, வேலந்தாவளத்துச் சந்தைக்குச் செல்லும் மாடுகளின் குளம்படித் தூசியை வாரி இறைத்து, கருமண்ணும் செம்மண்ணும் மாறிமாறிக் கிடக்கும் சித்தூர்க் கீழ்ப்புலத்தைத் தழுவிச் செல்லும் இளங்காலைப் பொழுது அது. படிக்கும் பெருந்தகையீர், அவ்வெழிலில் மயங்கிவிடாதீர். நான் சொல்லவந்தது வஞ்சகத்தின் கதை.

கணவனை இழந்து பிறந்தகம் மீண்டவள் மருதாத்தாள். வாய்க்கால் நீர் வரப்போகிறது என்றறிந்ததும் அவள் அண்ணன் மோகனசுந்தரம் தந்தைவழி நிலத்தைப் பங்கு பிரிக்கலானான். கீழ்க்காடு தனக்கு, மேல்காடு தங்கைக்கு. அதற்கு ஈடாக வீட்டிலும் கிணற்றிலும் உள்ள தன் பங்கை அவள் விட்டுவிட வேண்டும் என்றான். மேல்காட்டு மண் பாசனத்திற்கு ஏற்றதா என்று ஆய்ந்த பின்னரே ஒப்புவேன் என்றாள் அவள். தன் காட்டுக்கு ஆய்வே வேண்டாம், தங்கையின் காட்டுக்கு மட்டும் போதும் என்று அவனும் பெருந்தன்மையோடு இசைந்தான்.

உடன்பிறந்தாளுக்குத் தரும் நிலத்தின் முதற்பிடி மண்ணை அண்ணனே அள்ளித் தருவது அக்குடியின் வழக்கம். கூடவே சென்று பார்த்தால் அவனை ஐயுற்றதாகும் என்று நாணி அவள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். ஐயோ, அந்தப் பாழாய்ப்போன நாணம்! ஆறேழிடத்தில் ஆப்பு வடிவில் சாணாழம் குழிவெட்டி, மண்ணைக் கலந்து கொணர்ந்தவன், ஆய்வுக்குத் தந்தது போக எஞ்சிய பிடியை உறவினர் முன் அவள் கையில் வைத்தான். உவரற்ற நல்ல மண் என்று ஆய்வுக்கூடத்தார் சொன்னார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. அதை நம்பி அவளும் வீட்டுப் பங்கையும் கிணற்றுப் பங்கையும் விட்டுக்கொடுத்தாள்.

வாய்க்காலும் திறந்தது. தக்காளி நாற்று நட்டு நீர் பாய்ச்சிய மேல்காடு உலர்ந்தபோது, உப்பைச் சிந்தினாற்போல் எங்கும் வெண்மை பூத்தது. நாற்றுகள் நுனி கருகிச் சாய்ந்தன. பதறிப்போனவள் அண்ணனிடம் சொல்லக் கீழ்க்காட்டுக்கு ஓடினாள். அங்கே தென்னைகளுக்கிடையே உழாத நிலத்தில் அவள் கால் ஒரு குழியில் இடறியது. ஆப்பு வடிவக் குழி. அப்பால் இன்னொன்று, அதற்கப்பால் மற்றொன்று. ஆய்வே வேண்டாம் என்ற காட்டில் ஆய்வுக்கு மண்ணெடுத்த குழிகள்!

"ஏனுங்கண்ணா, எனக்குன்னு மண்ணு எந்தக் காட்டுல எடுத்தீங்க?"

அவன் மறுக்கவில்லை. "நீ கூட வந்து பாக்கமாட்டீன்னு தெரியும், அம்மிணி" என்றான்.

உவரைவிட அச்சொல்தான் அவளைச் சுட்டது. கண்ணை மூடிக்கொண்டு நம்பியதையே கருவியாக்கி வயிற்றிலடித்துவிட்டானே! குனிந்தவள், குழியிலிருந்து ஒருபிடி அள்ளி அவன் முன் நீட்டினாள்.

"முதற்பிடி எங்க அள்ளித் தந்தீங்களோ, வழக்கப்படி அது எம்பட காடுங்க."

வழக்கு நேரியதுதான். ஆயினும் அதனைத் தீர்த்துச் சொல்லவேண்டிய குடித்தலைவன் அவனே. அவனோ தென்னைக்கு நீர் திருப்பப் போய்விட்டான்.

உவர்நிலத்தை நன்னீர் விட்டு அலசி அலசி மீட்கலாம் என்பர் அறிந்தோர். மருதாத்தாளும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். அண்ணா என்று மட்டும் அவள் பின்னர் அவனை அழைத்திலள்.