பை வைத்த நாற்காலி

நேபாளத்தின் பாக்லுங் மலையில் காலைக் கல்லூரி ஆறு மணிக்கெல்லாம் தொடங்கிவிடும். தில்சரா சுனார் ஐந்தரைக்கே மூச்சு வாங்க ஏறி வந்துவிடுவாள். இருபத்தொன்பது வயதில் பி.ஏ. சேர்ந்தவள். அதோடு வார்டு கமிட்டி மெம்பர் வேறு. ஐந்து பேர் கமிட்டியில் ஓரிடம் தலித் பெண்ணுக்கு என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. உட்கார வைக்கத்தான் எழுதியிருக்கிறது. வாயைத் திறக்க விடவேண்டும் என்று யார் எழுதினார்கள்?

அந்த வார்டு ஆபீஸில் ஒரு பழக்கம் உண்டு. கூட்டம் தொடங்கும்போதே மினிட் புத்தகத்தில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அதற்குக் கீழே பக்கம் பளிச்சென்று வெள்ளையாகக் கிடக்கும். பிறகு டீ, பிஸ்கட், ஊர்க்கதை. எல்லோரும் எழுந்து போன பிறகு செயலர் சாவகாசமாக உட்கார்ந்து தீர்மானத்தை எழுதுவார். காலங்காலமாக இப்படித்தான் நடந்து வந்தது, யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை.

போன வருஷம் தில்சராவின் சனங்கள் வாழும் சுனார் தெருவுக்குக் குழாய் என்று வார்டு தலைவர் தீர்த்தராஜ் எல்லோர் முன்னாலும் சொன்னார். தில்சரா கையெழுத்துப் போட்டுவிட்டு, தெருவுக்கு ஓடி, தண்ணீர் வருகிறது என்று வீடு வீடாகச் சொன்னாள். மூன்று மாதம் கழித்து வந்தது என்ன? சாலை முனையில் சிமெண்டில் ஒரு வரவேற்பு வளைவு. புத்தகத்தைப் புரட்டினால் தீர்மானமும் வளைவுதான், கீழே குழாயின் வாசனைகூட இல்லை. மேலே அவள் கையெழுத்து மட்டும் அழகாக இருந்தது.

அன்றிலிருந்து அவளால் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. ஊற்றுக்கும் வீட்டுக்கும் குடத்தோடு ஏறி இறங்கும் பெண்கள் அந்த வளைவுக்கு அடியில்தான் நடக்கவேண்டும். “மெம்பரம்மா, இந்த வளைவுல தண்ணி எப்ப வரும்?” என்று தினம் ஒருத்தியாவது கேட்டுவிடுவாள். சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள். அந்தச் சிரிப்புக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம் போலிருக்கும்.

இதை ஒருநாள் வகுப்பில் சொல்லிக்கொண்டே இருந்தவள் பொசுக்கென்று அழுதுவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்தவள் உன்னதி, கல்லூரிப் பெண்கள் மன்றத்தின் செயலாளர், இருபது வயது, ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாதவள். அதுவரை அவர்கள் மன்றம் செய்ததெல்லாம் மகளிர் தினத்துக்குக் கோலாகலமாக ஒரு பேனர் கட்டியதுதான். அவள் அன்றைக்கே பொதுக்குழுவைக் கூட்டினாள். வார்டின் இந்த வருஷத் திட்டப் பட்டியல் கூட்டத்துக்குப் பத்து நாள் இருந்தது. அதில் குழாய் ஏறாவிட்டால் இன்னொரு வருஷம் குடம்தான். பத்து நாளும் வகுப்பு முடிந்ததும் வகுப்பறையிலேயே வார்டு கூட்டம் நடத்திப் பார்ப்பது என்று முடிவானது.

நாற்காலி போட்டார்கள். ஒரு மெம்பர் காட்மாண்டுவில் மகன் வீட்டில் இருந்தார், அவருக்கு நாற்காலி வேண்டாம். தலைவருக்கு ஒன்று, இன்னொரு ஆண் மெம்பருக்கு ஒன்று, தில்சராவுக்கு ஒன்று. நாலாவது நந்தகலா பௌடேலுக்கு. ஐம்பது தாண்டிய பிராமண வீட்டுப் பெண்மணி. கூட்டத்துக்கு ஊசியும் நூற்கண்டும் கொண்டுவந்து ஸ்வெட்டர் பின்னுவார், கையெழுத்துக் கேட்டால் போடுவார், மறுபடி பின்னுவார். அவர் வேஷத்துக்கு ஆள் எதற்கு, அதில் நடிக்க என்ன இருக்கிறது என்று உன்னதி தன் பையைத் தூக்கி அந்த நாற்காலியில் வைத்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், தில்சராவும் சிரித்தாள்.

அப்பாவின் தொப்பியை மாட்டிக்கொண்டு உன்னதி தலைவரானாள். தொண்டையைச் செருமி, நோட்டைத் தள்ளி, “தங்கச்சி, இங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டு டீயக் குடி” என்றாள். அப்படியே தீர்த்தராஜ். தில்சராவின் கை தானாகப் போய்க் கையெழுத்தைப் போட்டுவிட்டது. வகுப்பே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. இரண்டாம் நாளும் பேனா பாதி தூரம் போய்விட்டது. மூன்றாம் நாள்தான், “மொதல்ல எழுதுங்க, அப்புறம் போடறேன்” என்று குரல் நடுங்கச் சொன்னாள். ஏழாம் நாள் நடுக்கம் போயிற்று. பத்தாம் நாள் அவள் சொன்ன விதத்தில் உன்னதியே ஒரு கணம் மிரண்டு தொப்பியைக் கழற்றினாள்.

கூட்டத்தன்று வார்டு ஆபீஸ் வாசலில் கல்லூரிப் பிள்ளைகளின் திருவிழாக் கூட்டம். ஆபீஸுக்கு வர ஆளாளுக்கு ஒரு காரணம் வேண்டுமே. ஒருத்திக்குப் பிறப்புச் சான்று, ஒருத்திக்குப் பெயரில் எழுத்துப் பிழை, ஒருத்திக்குக் குடியுரிமைக்குச் சிபாரிசுக் கடிதம். காரணம் கிடைக்காத ஒரு பையன் தனக்கு இன்னும் கல்யாணமாகவில்லை என்று சான்று கேட்டு நின்றான். எல்லோர் கண்ணும் கூட்ட அறையின் ஜன்னலில் இருந்தது.

உள்ளே தீர்த்தராஜ் கையெழுத்துப் போட்டார். இன்னொரு மெம்பர் போட்டார். நந்தகலா ஊசியை மடியில் வைத்துவிட்டுப் போட்டார், மறுபடி பின்னத் தொடங்கினார். புத்தகம் தில்சராவிடம் வந்தது. இந்த முறை கை பேனாவை நோக்கிப் போகவில்லை.

“மொதல்ல எழுதுங்க, அப்புறம் போடறேன்” என்றாள்.

தலைவர் கோபப்படுவார், கத்துவார் என்றெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார்கள். அவர் சிரித்தார். “அஞ்சு பேர்ல மூணு கையெழுத்து விழுந்துருச்சு தங்கச்சி. கூட்டத்துக்கு அது போதும். நீ போட்டா போடு, போடாட்டி டீயக் குடி.”

போச்சு. பத்து நாள் நாற்காலி போட்டுப் பேசியும் ஒருத்தருக்கும் இந்த எளிய கணக்கு உறைக்கவில்லையே. ஜன்னலில் உன்னதியின் முகம் சுண்டிப்போயிருந்தது. தெருப் பெண்கள் இன்னொரு வருஷம் சிரிக்கப் போகிறார்கள், அதுவும் இந்த முறை வியூ டவரைக் காட்டி. மலை முழுக்கப் பார்த்துத் தீராத காட்சி இருக்க, அதைப் பார்க்கக் கோபுரம் கட்டுவது தலைவரின் நெடுநாள் ஆசை.

அப்போது ஊசிகளின் சத்தம் நின்றது.

“அந்தப் புத்தகத்த இங்க குடுங்க” என்றார் நந்தகலா.

ஏதோ எழுத்துப் பிழை போலிருக்கிறது என்று செயலர் நீட்டினார். நந்தகலா பேனாவை வாங்கி, தன் பெயரின் குறுக்கே நிதானமாக ஒரு கோடு போட்டார்.

“போன வருஷம் எதுக்கு மாமி கையெழுத்துப் போட்டீங்கன்னு என் மருமக கேட்டா. எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்லவும் வாய் வரல” என்றார். “அந்த வளைவுக்குக் கீழ நடக்கறப்பெல்லாம் தலை குனிஞ்சுதான் போறேன். எழுதுங்க. அப்புறம் நானும் போடறேன்.”

ஐந்தில் இரண்டு. மூன்று இல்லாவிட்டால் கூட்டமே செல்லாது. பட்டியல் அன்று மாலைக்குள் நகராட்சிக்குப் போகாவிட்டால் குழாயும் கிடையாது, கோபுரமும் கிடையாது. செயலர் தலைவரைப் பார்த்தார். தலைவர் டீயைப் பார்த்தார், அது ஆறிப்போயிருந்தது. கடைசியில், தண்ணீரை முதலில் எழுது, டவரை அடுத்து எழுது என்று முனகினார்.

சத்தமாகப் படியுங்கள் என்றாள் தில்சரா. செயலர் படித்தார். முதல் தீர்மானம், சுனார் தெருவுக்குக் குடிநீர்க் குழாய். எழுதி முடித்த வரிகளுக்குக் கீழே அவள் கையெழுத்துப் போட்டாள், பக்கத்தில் நந்தகலா இரண்டாம் முறையாகப் போட்டார். வெளியே எழுந்த கூச்சலில் ஆபீஸ் நாய் எழுந்து ஓடியது. கல்யாணமாகாத பையன் விசிலடித்தான், சான்றை வாங்க மறந்தே போனான். தில்சரா சரிவில் ஓட்டமாக இறங்கினாள். வளைவுக்கு அடியில் குடத்தோடு நின்றவர்களிடம் சொல்ல வாய் திறந்தவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவர்களுக்கே விளங்கவில்லை.

மறுநாள் காலை வகுப்பில் ஒரே அமளி. அடுத்த கூட்டத்துக்கு அடுத்த ஒத்திகை என்று உன்னதி நாற்காலிகளை இழுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் தட்டியது. ஏற்றத்தில் வந்த இளைப்போடு, கையில் நூற்கண்டுப் பையோடு நந்தகலா நின்றார்.

“எட்டாங் கிளாஸோட நிறுத்திட்டாங்க என்னை. இங்க உக்காரலாமா பொண்ணுங்களா?”

தில்சரா உன்னதியைப் பார்த்தாள். உன்னதி நாலாவது நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்துத் தரையில் வைத்தாள்.