செல்வரத்தினத்துக்குப் போன்

தர்சிகனுக்கு இருபது வயது. பதவி, மூப்பர். ஊழியத்துக்கு அனுப்புகிற பையன்கள் எல்லாருக்கும் மோர்மன் சபை இந்தப் பதவியைக் கொடுத்துவிடுகிறது. மீசை முளைத்ததா என்று பார்ப்பதில்லை. முளைத்திருந்தால் வழிக்கச் சொல்கிறது.

வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, நெஞ்சில் ஒரு கறுப்புப் பெயர்ப்பட்டை. பட்டையின் மேல்வரியில் 'மூப்பர் செல்வரத்தினம்'. கீழே இயேசு கிறிஸ்துவின் பெயரோடு சபையின் பெயர். செல்வரத்தினம் தர்சிகனின் அப்பா. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர்தான் பின்பெயர். சபைக்குப் பின்பெயர் மட்டும் போதும். முன்பெயரை வீட்டிலேயே விட்டுவிட்டு வரவேண்டும்; இரண்டு வருடம் கழித்துப் போய் எடுத்துக்கொள்ளலாம்.

லண்டனின் மோர்டன் பகுதியில் கதவு தட்டியபோது கிருஷ்ணராசா என்பவர் அந்தப் பட்டையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். ஜேர்மனியில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து கடை போட்டவர்.

"மூப்பரோ? உமக்கு எத்தினை வயசு?"

"இருபது, அங்கிள்."

"எனக்கு அம்பத்திமூண்டு. என்னை இன்னும் ஒருத்தரும் மூப்பர் எண்டு சொல்லேல்லை. செல்வரத்தினம் ஆர், நீரோ, அப்பாவோ?"

"அப்பா."

"அப்ப அவரையெல்லோ அனுப்பியிருக்க வேணும்." உள்ளே திரும்பித் தேநீருக்குச் சொல்லப் போனவரைத் தர்சிகன் தடுத்தான். சபையில் தேநீர் விலக்கு. கிருஷ்ணராசா அவனை உண்மையான இரக்கத்தோடு பார்த்தார். "தேத்தண்ணியை விட்டுப்போட்டு அப்பிடி எந்தக் கடவுளையடா தம்பி கண்டனி?"

அப்பாவை அனுப்பியிருக்க முடியாது. ரொறன்ரோவில் அவர் கோயில் திருவிழாக் குழுவின் தலைவர். நோட்டீஸில் அம்பாளின் பெயரைவிட ஒரு சுற்றுச் சிறிய எழுத்தில், மற்ற எல்லாரையும்விடப் பெரிய எழுத்தில் அவர் பெயர் வரும். அன்னதானக் கிடாரங்களில்கூட அந்தப் பெயரை வெட்டுவித்திருந்தார். அவருடைய ஒரே மகன் பக்கத்துச் சபை மண்டபத்துக்குக் கூடைப்பந்து விளையாடப் போனான். பந்தை விட்டுவிட்டு வேதத்தோடு திரும்பி வந்தான். ஊழியத்துக்குப் போகிறேன் என்று அவன் சொன்ன அன்று அப்பா சொன்னார்: "போ. ஆனால் என்ர பேரைச் சொல்லிக்கொண்டு திரியாதை."

அதன் பிறகு பேசவில்லை. பதினான்கு மாதமாக மகன் லண்டனில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் அந்தப் பெயரைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

ஊழியர்கள் வீட்டாரோடு தொலைபேசியில் பேச வருடத்துக்கு இரண்டு நாள். ஒன்று கிறிஸ்து பிறந்த நத்தார், மற்றது அன்னையர் தினம். அன்னையர் தினம் என்றால் அமெரிக்காவின் கணக்கில், மே மாதத்தில். இங்கிலாந்துக்காரர் தங்கள் அம்மாக்களை மார்ச்சிலேயே கொண்டாடி முடித்துவிட்டார்கள். அந்த மார்ச் முழுக்க ஸ்ட்ரெதம் கடைத்தெருக் கண்ணாடிகளில் வாழ்த்து அட்டைகளைப் பார்த்துக்கொண்டே தர்சிகன் நடந்தான். கடந்து போனபின் ஒருதரம் திரும்பியும் பார்த்தான். கூட வந்த மூப்பர் பார்லோ, "ஏதாவது வாங்கவேண்டுமா?" என்று கேட்டான். தர்சிகன் தலையாட்டி மறுத்தான். கடையில் விற்கிற சாமான் இல்லை அது.

அவனுக்கு வேண்டியிருந்தது சின்ன விஷயம். யாராவது தன்னைத் 'தர்சி' என்று கூப்பிடவேண்டும். அமெரிக்காவில் ஐடஹோக்காரனான பார்லோவோடு ஒரே அறையில் படுத்தெழும்பியும், ஒருவர் கண்ணில் மற்றவர் படும் தூரத்தை விட்டு விலகக்கூடாது என்ற விதிப்படி நடந்தும், அவனுக்கு இவன் 'மூப்பர்' மட்டும்தான். அம்மாவின் கடிதங்களில் தர்சி இருந்தது. உறையில் தங்கை கௌசியின் ஆங்கிலக் கையெழுத்து. உள்ளே அம்மாவின் சாய்ந்த தமிழ். ஆனால் கடிதம் வாய் திறந்து கூப்பிடாது. இரவில் ஜெபம் முடிந்தபின் தன் பெயரைத் தானே ஒருதரம் மெல்லச் சொல்லிப் பார்ப்பான். அது வேறு யாருடையதோ போலக் கேட்கும்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டின் அந்த மே ஞாயிறு வந்தது. ஸ்ட்ரெதத்தில் சபையைச் சேர்ந்த சகோதரி பிரிச்சர்ட் வீட்டில் சாப்பாடு, அங்கேயே போன். அந்தத் தொலைபேசியிலிருந்து வெளிநாட்டுக்கு எடுக்க ஏலாது. வருவதை மட்டும் பேசலாம். ஞாயிறு ஓய்வுநாள் என்பதால் கடைக்குப் போய்க் காலிங் கார்ட் வாங்குவதும் விலக்கு. ஆகவே மாலை ஆறு மணிக்கு அம்மா எடுப்பதாக ஏற்பாடு. எட்டு மணிக்கு இருவரும் அந்த வீட்டைவிட்டு வெளிக்கிட வேண்டும்.

சகோதரி பிரிச்சர்ட் ஒரு அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் தொலைபேசி இணைப்புக் கொடுத்தவர். ஓய்வு பெற்றாலும் வேலை அவரை விடவில்லை. நடைபாதையில் போனுக்கென்று பின்னல் விரித்த மேசை, குறிப்புத் தாள், கூராக்கிய பென்சில். மணி அடித்தால் வேறு எவரும் தொடக்கூடாது. அவர் எழுந்து, பாவாடையைச் சரிசெய்து, மூன்றாவது மணியில் எடுப்பார்.

ஐந்து மணிக்குப் பார்லோவின் வீட்டார் எடுத்தார்கள். அம்மாவும் ஆறு சகோதரர்களும் வரிசையில் நின்று பேச, மந்தையில் தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடுவது பற்றி வாரம் தவறாமல் பிரசங்கிக்கும் மூப்பர் பார்லோ, தங்கள் வீட்டு நாயையும் போனுக்குக் கூட்டிவரச் சொல்லிக் கேவிக் கேவி அழுதான்.

ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு மணி அடித்தது. தர்சிகன் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தான். சகோதரி பிரிச்சர்ட் கதவைச் சாத்திக்கொண்டு போய், திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"தவறான இலக்கம்" என்றார்.

ஆறு இருபதுக்கு மறுபடி அடித்தது. மறுபடி தவறான இலக்கம். "அதே பெண்மணி. பின்பெயர் என்ன என்று மூன்றுதரம் கேட்டேன். பெரிய மௌனம். மூச்சு மட்டும் வருகிறது. முப்பத்தொரு வருடத்தில் இப்படி ஒருவரை நான் கண்டதில்லை."

தர்சிகனுக்கு விளங்கிவிட்டது. நத்தாருக்கு இலக்கம் எடுத்து ஆளைக் கேட்டவள் கௌசி. இன்றைக்குக் கௌசிக்கு வேலை ஷிப்ட் என்று கடைசிக் கடிதத்தில் இருந்தது. அம்மா தானே எடுத்திருக்கிறார். தர்சிகனைக் கேட்டிருப்பார். அப்படி ஒருவர் இந்த வீட்டில் இல்லை.

அவனுடைய அம்மா தவநாயகி, கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் புருஷனின் பெயரை ஒருதரமும் வாயால் சொன்னதில்லை. கனடாவில் குடிவரவு அதிகாரி நேருக்கு நேர் கேட்டபோதும் பத்திரத்தில் விரலை வைத்துக் காட்டியவர். போனில் விரலை எங்கே வைப்பது?

"அது என் அம்மா" என்றான்.

"அப்படியானால் உன் பெயரைச் சொல்லியிருக்கலாமே" என்றார் சகோதரி.

"அம்மா சொன்னது என் பெயர்தான்."

இதை யாருக்கும் விளக்க அவனிடம் ஆங்கிலம் இருந்தது, தெம்பு இருக்கவில்லை. "அடுத்தமுறை நான் எடுக்கட்டுமா?" என்று கேட்டான். சகோதரி பிரிச்சர்ட் சுவரில் இருந்த தீர்க்கதரிசிகளின் படத்தைப் பார்க்கும் அதே பார்வையால் போன் மேசையையும் பார்த்துவிட்டு, அது தன் வேலை, பின்பெயர் சொல்லாமல் எவருக்கும் இணைப்புக் கிடையாது என்றார்.

ஏழு மணி. புடிங் வந்தது. கண்ணை மூடி, உள்ளே ஜெபித்தான். வேண்டியதை நேராகக் கேட்கச் சபை பழக்கியிருந்தது. 'அம்மா ஒருதரம் அப்பாவின் பேரைச் சொல்லவேணும்.' கேட்டவுடனேயே வெட்கமாக இருந்தது. இருபத்தாறு வருடம் காத்ததை உடைத்துத் தா என்று கேட்கிற ஜெபம். இதற்கு ஆமென் சொல்ல வாய் வரவில்லை. பாதியில் விட்டுவிட்டு, சூடு ஆறிய புடிங்கைத் தின்றான்.

ஏழு முப்பத்தைந்துக்கு மணி அடித்தது. இந்தமுறை கதவு சாத்தப்படவில்லை.

"யாரோடு பேசவேண்டும்? ... பின்பெயர்? ... நல்லது. பேசுவது யார்?" சகோதரி பிரிச்சர்ட் வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். "ஒரு ஆண். மூப்பர் செல்வரத்தினம் வேண்டுமாம். தானும் செல்வரத்தினமாம்."

தர்சிகன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும்பினான். விதிப்படி பார்லோ வாசல்வரை பின்னாலேயே வந்தான்.

"ஹலோ."

"அப்பா?"

"ம்." தொண்டையைச் செருமுகிற சத்தம். "உன்ர அம்மா கதைக்கோணுமாம். ரெண்டுதரம் எடுத்தவ. அந்த மனிசி நீ இல்லையெண்டு சொல்லிப்போட்டுதாம்."

"இஞ்சை எனக்கு உங்கட பேர்தான், அப்பா."

"அதுதான் இவ வந்து ரிசீவரை நீட்டிக்கொண்டு என்ர முகத்தைப் பாத்தபடி நிக்கிறா. நானும் எவ்வளவு நேரமெண்டு பேப்பர் வாசிக்கிறது?"

இங்கிருந்த செல்வரத்தினம் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினான்; அங்கிருந்த செல்வரத்தினம் கேட்டார்.

"அங்கை எல்லாரும் உன்னை அப்பிடியே கூப்பிடுறவை?"

"ஓம். விடிஞ்சால் படுக்குமட்டும்."

"வடிவாச் சொல்லுவினமோ?"

"இல்லை அப்பா. செல்வராட்டம் எண்டுதான் அவைக்கு வரும்."

"செல்வராட்டமோ!" தலைவருக்கு நோட்டீஸில் எழுத்துப் பிழை கண்ட மாதிரி மூச்சு வாங்கியது. "நீ என்னடா செய்யிறாய் அங்கை? திருத்திக் குடுக்கிறேல்லையே? பேரைக் குத்திக்கொண்டு திரிஞ்சால் அதை ஒழுங்காச் சொல்லப் பண்ணோணும்."

"சரி அப்பா."

"நல்லாச் சாப்பிடு. இந்தா, அம்மா."

ரிசீவர் கைமாறும் சத்தம். பிறகு அம்மா.

"தர்சி?"

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். எட்டு மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

"தர்சி, கேக்குதோ ராசா?"

"அம்மா, இன்னொருக்காக் கூப்பிடுங்கோ."

"ஏனப்பு, லைன் கிளியர் இல்லையோ?"

அம்மாவின் பின்னால், எட்டு வருடமாக யாரும் திருத்தாத சமையலறைக் குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது. பேப்பரைச் சத்தமாக மடக்கிக்கொண்டு அப்பா பக்கத்திலேயே நிற்பதும் கேட்டது.

"கிளியர் இல்லையம்மா" என்று பொய் சொன்னான் மூப்பர் செல்வரத்தினம். "பலமாக் கூப்பிடுங்கோ."