சுவரிடம் சொன்னது

அண்ணனும் நானும் பேசி எட்டு மாதம் ஆகிறது. ஒரே வீடு. அவன் கீழே, நான் மாடியில் ஒற்றை அறையில். படிக்கட்டில் எதிரே வந்தால் அவன் சுவரைப் பார்ப்பான், நான் கைப்பிடிக் கம்பியைப் பார்ப்பேன்.

காரணம் பெரிதல்ல. அவன் பஸ் டிப்போவில் ஸ்டோர் கீப்பர். அங்கேயே ராத்திரி ஷிஃப்டில் மெக்கானிக் வேலைக்கு என்னைச் சிபாரிசு செய்து சேர்த்துவிட்டான். பதினோரு மாதம் பஸ்களுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். ஒருநாள் விடியற்காலை நாலு மணிக்கு, எண்ணெய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். அப்புறம் போகவில்லை. ஃபோர்மேன் அண்ணனை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, இனி யாரையாவது சிபாரிசு செய்வதாக இருந்தால் முதலில் தூங்கி எழுந்து யோசித்துவிட்டு வா என்றாராம். அன்று சாயங்காலம் அவன் என்னிடம் பேசியதுதான் கடைசி. அதை இங்கே எழுத முடியாது.

அண்ணனின் கார் பதினெட்டு வருஷப் பழசு. ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் அண்ணிதான் அதை ஓட்டுவாள். கேட்டின் சிமென்ட் மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் 'டொக்' என்று அடிக்கும். மாடியில் படுத்திருக்கிற எனக்கே கேட்கும். ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது, பால் ஜாயின்ட் ஆடுகிறது, சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் புஷ் ரப்பர் பிய்ந்துவிட்டது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வண்டி தகுதிச் சோதனைக்குப் போக வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் பத்து நாள் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் உதிரி பாகங்களை வாங்கி வந்து அடுக்கிவிட்டு, அண்ணியை மேலே அனுப்பினான். அவள் என் வாசலில் நின்று தண்டோரா போடுகிறவள் மாதிரி ஒப்பித்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பக்கம் சரியானால் அறை எனக்கே. இல்லையென்றால் வாடகைக்கு ஆள் பார்த்தாகிவிட்டது.

எனக்குப் போக இடம் கிடையாது. இறங்கிப் போனேன்.

வேலை வீட்டின் பக்கவாட்டுச் சந்தில். ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர், மறுபக்கம் சமையலறை ஜன்னல். ஜன்னலுக்கு உள்ளே தொட்டியில் அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் பேசுவது அவள் வழியாகத்தான். பதினேழாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும் என்று நான் அவளிடம் சொல்வேன். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிறவன் அதற்குள் அதை எடுத்துக் கையில் வைத்திருப்பான். ஆனால் அவள் திருப்பிச் சொல்லும்வரை தரமாட்டான்.

ஒரு மணி நேரம் இப்படிப் போனது. வலது சக்கரத்தைக் கழற்றி, பழைய லோயர் ஆர்மை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினேன். அதன் போல்ட்டுகளை முறுக்காமல் கையால் மட்டும் திருகி விட்டேன். துருப்பிடித்த பால் ஜாயின்ட் மட்டும் கழன்று வர அடம்பிடித்ததில் சுத்தியல் வழுக்கி என் முழங்கையில் பட்டது.

"அந்த ராக்கோழிகிட்ட சொல்லு, பகல்ல கண்ணு தெரியலன்னா டார்ச் அடிச்சுப் பாக்கச் சொல்லி" என்றான் அண்ணன்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க அண்ணி, தரையில உக்காந்து சாமான் எடுத்துக் குடுக்கற ஸ்டோர் கீப்பருக்கு வண்டிக்கு அடியில என்ன தெரியும்னு."

அண்ணி குழாயை மூடினாள். "உரலுக்காவது ஒரு பக்கம்தான் இடி. எனக்கு மத்தளம் மாதிரி ரெண்டு பக்கமும். இனி நீங்களாச்சு, உங்க வண்டியாச்சு" என்று சொல்லிவிட்டு, ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டாள்.

சந்தில் நாங்கள் இரண்டு பேரும் காரும்தான். இனி என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அவன் ஜாக்கியிடம் பேசினான், நான் காம்பவுண்டுச் சுவரிடம் பேசினேன். சிலபேர் சம்பளம் வாங்கிய இடத்துக்கே துரோகம் செய்கிறவர்கள் என்று ஜாக்கி தெரிந்துகொண்டது. சிலபேருக்கு முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஃபோர்மேனின் கை இருக்கிறது என்று சுவர் தெரிந்துகொண்டது.

ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒன்றாகத்தான் கழன்று வரும். அதைத் தரையில் கிடத்தி, ஸ்பிரிங்கின் இரண்டு எதிர்ப்பக்கங்களிலும் நீளக் கொக்கிகளை மாட்டி, முறுக்கி அமுக்க வேண்டும். இந்தப் பக்கம் நாலு சுற்று, அந்தப் பக்கம் நாலு சுற்று. நன்றாக அமுங்கிய பிறகுதான் உச்சியில் இருக்கும் நட்டைக் கழற்ற வேண்டும். அந்த நட்டுதான் இரும்புத் தட்டை வைத்து ஸ்பிரிங்கைப் பூட்டி வைத்திருக்கிறது. அமுங்காமல் கழற்றினால் தட்டு குண்டு மாதிரிப் பாயும்.

கொக்கிகளை அண்ணன் மாட்டினான். அது அவன் வண்டி, அவன் கேட்டு வாங்கி வந்த கொக்கி. நான் காருக்கு அடியில் இருந்தேன். தலையைத் திருப்பிப் பார்த்தபோது அவன் தன் பக்கத்துக் கொக்கியை மட்டும் முறுக்கிக்கொண்டே போனான். ஸ்பிரிங் வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. எதிர்ப்பக்கத்துக் கொக்கி கம்பிச் சுருளின் மேல் மெல்ல நழுவியது. அரை விரல். பிறகு ஒரு விரல்.

பார்த்தேன். நிறுத்து என்று ஒரு வார்த்தை. அதை அவனிடம் சொல்ல வேண்டும். எட்டு மாதம் காப்பாற்றியதை அவனுக்காக முதலில் நான் உடைக்க வேண்டும்.

"ஒரே பக்கமா முறுக்கினா கொக்கி நழுவும்னு இந்தச் சுவத்துக்குக்கூடத் தெரியும்" என்றேன், சுவரிடம்.

அவன் காதில் விழுந்தது. இன்னொரு குத்தல் என்றுதான் அவன் எடுத்துக்கொண்டான். வேறு எப்படி எடுத்துக்கொள்வான். காலையிலிருந்து சுவரிடம் நான் நல்லதாக எதையும் சொல்லவில்லை. அவன் கொக்கியைப் பார்க்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு, உச்சி நட்டில் ஸ்பேனரைப் போட்டு ஒரே மூச்சில் சுற்றினான்.

சத்தம் மட்டும்தான் எனக்குத் தெரியும். கண்ணால் எதையும் பார்க்கவில்லை. ஸ்பிரிங் சுவரில் அடித்து, காரின் கதவில் அடித்து, என் காலருகில் உருண்டு வந்து நின்றது. தட்டைக் காணவில்லை. அண்ணன் அப்படியே உட்கார்ந்திருந்தான், ஸ்பேனரைப் பிடித்த கை காற்றில் இருந்தது. அவன் காதுக்கு மேலே ஒரு கீறலில் ரத்தம் கசிந்தது.

சமையலறை ஜன்னலில் கண்ணாடி இல்லை.

அவன் எழுந்து ஓடினான். நானும் ஓடினேன். தட்டு ஜன்னலைத் துளைத்து, எதிர்ச்சுவரில் டைல்ஸைப் பெயர்த்து, திரும்பித் தெறித்துத் தொட்டிக்குள் கிடந்தது. கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள் தரை முழுக்கச் சிதறியிருந்தன. அரை மணி நேரம் முன்னால் அண்ணியின் முகம் இருந்த உயரத்தில் ஜன்னல் கட்டை பிளந்திருந்தது.

அண்ணி காலி வாளியோடு இறங்கி வந்தாள். கத்தவில்லை. தொட்டியிலிருந்து தட்டை எடுத்து எடை பார்ப்பதுபோலக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே யார்கிட்டயும் யாரு சொன்னதையும் நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "வாய் இருக்கு ரெண்டு பேருக்கும். வலிச்சா கத்தத் தெரியுதில்ல."

தட்டை அண்ணன் கையில் வைத்துவிட்டு, விளக்குமாறு எடுக்கப் போனாள்.

சந்துக்குத் திரும்பினோம். அதே ஸ்பிரிங்கைப் புது ஷாக் அப்சார்பரில் உட்கார வைக்க, கொக்கிகளை இந்த முறை நான் மாட்டினேன். "பிடி" என்றேன். பிடித்தான். "இந்தப் பக்கம் நாலு." சுற்றினான். "நிறுத்து." நிறுத்தினான். எட்டு மாதத்துக்குப் பிறகு பேசிய பேச்சு அதுதான். வலது பக்கம் முடிந்து இடது பக்கத்துக்குப் போனோம். அங்கும் அதே வார்த்தைகள். பிடி, விடு, தூக்கு, இன்னும் கொஞ்சம். வேலைக்குத் தேவையானது தவிர ஒன்றும் பேசவில்லை. ஆனால் வேலை இரண்டு மடங்கு வேகமாக நடந்தது. மூன்று மணிக்கெல்லாம் இடது பக்க பால் ஜாயின்டும் உட்கார்ந்துவிட்டது. அறை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கட்டிலை ஜன்னல் பக்கம் மாற்றிப் போடலாம் என்றுகூட யோசித்தேன்.

அண்ணன் கந்தல் துணியில் விரல் விரலாகத் துடைத்தான். என்னைப் பார்த்தான். சுவரை இல்லை, என்னை.

"அந்தக் கொக்கி நழுவினத நீ பாத்தியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். காருக்கு அடியில் இருந்தேன், நம்பியிருப்பான்.

"பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே."

"சுவத்துகிட்ட."

"நீ மட்டும் ஜாக்கிகிட்ட பேசலியா?"

அவன் துணியை மடித்தான். ஒழுங்காக, ஸ்டோரில் மடிப்பதுபோல. "என் தலை போயிருந்தா எனக்கும் உனக்கும் சரியாப் போச்சு. அவ அந்த ஜன்னல்ல நின்னிருந்தா? மாசக் கடைசிக்குள்ள ரூமைக் காலி பண்ணு."

வேலை முடிந்தால் அறை என்று சொன்னாயே என்று கேட்கலாம். கேட்கவில்லை. அவன் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்கப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

அவன் கீழே படுத்து, லோயர் ஆர்மின் போல்ட்டில் பெரிய ஸ்பேனரைப் போட்டான். நான் கையால் மட்டும் திருகி விட்டிருந்ததைப் பார்த்து, முறுக்க மறந்துபோனேன் என்று நினைத்திருப்பான். வண்டி இன்னும் ஜாக்கியில் தொங்கியது. தொங்கும்போது முறுக்கினால், கீழே இறக்கியதும் புஷ் ரப்பர் எப்போதும் முறுகியபடியே இருக்கும். ஆறு மாதத்தில் கிழியும். மறுபடி டொக். அதற்குள் நான் எங்கேயோ இருப்பேன்.

"முறுக்காதே" என்றேன். "சக்கரத்த மாட்டித் தரையில இறக்கு. வெயிட் ஏறின பிறகுதான் அந்த போல்ட்ட முறுக்கணும். இல்லன்னா ரப்பர் போயிடும்."

ஸ்பேனர் நின்றது. "உனக்கு என்ன இப்ப?"

"உனக்காகச் சொல்லல. அண்ணி ஓட்டற வண்டி."

அவன் வெளியே வந்தான், சக்கரங்களை மாட்டினான், ஜாக்கியை மெல்ல இறக்கினான். வண்டி புது ஷாக் அப்சார்பர்களின் மேல் ஒருமுறை அமர்ந்து எழுந்து நின்றது. அதன் பிறகு நாலு போல்ட்டையும் முறுக்கினான், நான் சொன்ன வரிசையில்.

மாடிக்குப் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தேன். கீழே வண்டி கிளம்பிற்று. கேட்டின் சிமென்ட் மேட்டில் ஏறி இறங்கியது. சத்தம் வரவில்லை. பின்னால் வந்து மறுபடி ஏற்றினான். வரவில்லை. மூன்றாவது தடவை வேண்டுமென்றே வேகமாக ஏற்றினான்.

அப்போதும் வரவில்லை.