அப்ரின் போடாத கோல்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, ஆர்டர் வந்தது. கம்பத்துத் திராட்சை மொத்த வியாபாரி, 'கல்விச் செம்மல்', 'விளையாட்டுக் காவலர்', 'ஏழைகளின் ஏணி' முத்துக்கருப்பன் போன் போட்டார். உத்தமபாளையம் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் பெண்கள் கால்பந்து அணி முதன்முறையாக மண்டலக் கோப்பையை வாங்கியிருந்தது. விழா மலருக்குக் கதை வேண்டும்.

"கேப்டன் பிள்ளை அப்ரினப் பத்தி எழுதுங்க. அப்படியே நம்மளப் பத்தி ஒரு நாலு வரி. கடைசியில பிள்ளை ஒரு கோல் போடணும். கோல் இல்லாத கதைய எவன் படிப்பான்?"

2

முதல் தொடக்கம்: "மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில், முல்லைப் பெரியாற்றின் தாலாட்டில் வளர்ந்த வீராங்கனை—"

(அடித்துவிட்டேன். விழா மேடையில் மைக் பிடிப்பவருக்கு ஏதாவது மிச்சம் வைக்க வேண்டாமா?)

இரண்டாம் தொடக்கம்: "பந்தைத் தொட்டால் காலை ஒடிப்பேன் என்று தந்தை கர்ஜித்தார். கண்ணீர் மல்க அப்ரின்—"

இதுவும் தேறாது. அவளுடைய அத்தா அப்துல் அஜீஸ் கர்ஜிக்கிற ஆளில்லை. வாழைக்காய் மண்டிக்காரர், கர்ஜித்தால் சரக்கு அடுத்த மண்டிக்குப் போய்விடும். பூட்ஸ் வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அவருடைய மனக்குறை வேறு.

"ஏம்மா, மூணு வருசமா ஆடுற. ஒரு கோலாவது போட்டியா? பேப்பர்ல கோல் போட்டவுகளத்தானே படம் போடுறாக?"

"நான் போடுறதுக்கு நிக்கலத்தா. போட விடாம இருக்கத்தான் நிக்கிறேன்."

"அத எங்கன போட்டோ பிடிக்கிறது?"

என் சிக்கலும் அதுவேதான். முதலாண்டில் பெஞ்சு, இரண்டாமாண்டில் பின்வரிசையின் நடு, மூன்றாமாண்டில் கேப்டன். கோப்பை வாங்கிய தொடரில் இறுதிப்போட்டி வரை அவளைத் தாண்டி ஒரு கோலும் விழவில்லை. தடுப்பாட்டக்காரியின் சரித்திரம் முழுக்க நடக்காமல் போனவை. முன்வரிசைக்காரிக்கு ஒரு வாக்கியம் போதும்: மாரீஸ்வரி கோல் போட்டாள். விழாத கோலுக்கு எந்த வினைச்சொல்லைத் தேடுவது?

3

இறுதிப்போட்டி. எதிரே மதுரை அணி. மாரீஸ்வரியின் கோலால் நம் பெண்கள் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருந்தார்கள். லீக் முறைத் தொடர் என்பதால், டிரா ஆனாலே புள்ளிக் கணக்கில் கோப்பை மதுரைக்கு. ஆட்டம் முடிகிற தறுவாயில், அதைத் தொடங்கி வைக்க வேண்டிய முத்துக்கருப்பன் வந்து சேர்ந்தார்.*

(* சிறப்பு விருந்தினர் வந்த பிறகுதான் நம் பக்கம் ஆட்டம் தொடங்கியதாக அர்த்தம். அதற்கு முன்னால் ஓடியதெல்லாம் உடற்பயிற்சி.)

"வீராங்கனைகள் வரிசையாக நிற்கவும்!" என்று மைக் அலறியது. வெள்ளை வேட்டிகள் மைதானத்துக்குள் இறங்கின. நடுவர் விசிலை வாயில் வைத்தபடி உறைந்துபோனார், ஊதவில்லை. நம் பெண்கள் பழக்கதோஷத்தில் கைகுலுக்கப் புறப்பட்டார்கள்.

"ஏய், விசில் அடிக்கலடி! அங்கனயே நில்லுங்க!"

அப்ரின் போட்ட சத்தத்தில் பின்வரிசை அப்படியே நின்றது. மதுரைக்காரியும் சும்மா இல்லை. பந்தோடு வந்தாள், உதைத்தாள். நம் கோல்கீப்பர் ஒரு பக்கம் பாய்ந்தாள். பந்து மறுபக்கம் போனது. அப்ரினுக்கும் பந்துக்கும் நடுவே, கைகுலுக்கக் கையை நீட்டியபடி கல்விச் செம்மல்.

"மாமா, தள்ளுங்க!"

மூன்று பட்டங்களையும் ஒரே முறையில் சுருக்கி, அவரைத் தோளால் ஒதுக்கி, கோல் கோட்டின் மேலேயே பந்தை நெற்றியால் முட்டி வெளியே அனுப்பினாள். புழுதியில் பொன்னாடை கிடந்தது. பக்கத்தில் துணைக்கு முத்துக்கருப்பன் உட்கார்ந்திருந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, "மாரி, இங்கன வா! இடத்த மூடு!" என்று ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தாள்.

நடுவர் விசில் ஊதினார். கோப்பை நமதாயிற்று. பல்கலைக்கழக அணிக்கு அப்ரினே கேப்டன் என்று அன்றைக்கே அறிவித்தார்கள். அப்துல் அஜீஸ் ஏலம் கூறுகிற குரலில் கத்தியபடி மைதானத்தைச் சுற்றி ஓடினார்: "தடுத்துட்டா! எம் மக தடுத்துட்டா!"

4

முடிவுகள்.

(அ) கல்விச் செம்மல் சமயோசிதமாக விலகி வழிவிட்டார். (அவருடைய விருப்பம்.)

(ஆ) தடுத்த பந்தை அப்ரினே மைதானம் முழுக்கக் கொண்டுபோய் இரண்டாவது கோல் போட்டாள்.

இரண்டாவதை எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. வாழைக்காய் மண்டிக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். அப்ரின் வாழைத்தாருக்கு நடுவே நின்றபடி படித்தாள்.

"சார், இந்தக் கோல எடுத்துருங்க."

"கதைதானேம்மா. ஒரு கோல்ல என்ன கொறஞ்சுபோச்சு?"

"மதுரை கோல்கீப்பர் பிள்ளை அன்னைக்கு வாங்குனது ஒண்ணுதான். நீங்க எழுதுற ரெண்டாவத யாரு வாங்குறது? அதே பிள்ளைதானே? அது அம்புட்டுப் பாஞ்சு பாஞ்சு பிடிச்சுச்சு சார்."

நான் அவளுடைய அத்தாவைப் பார்த்தேன். அவர் தராசிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

"எடுத்துருங்க சார். அவ நிக்கிற எடத்துல எந்தக் கோலும் விழாது."

5

எடுத்துவிட்டேன். கோல் இருந்த இடம் இது:

[                    ]

முடிவில்லாமல் மலர் அச்சுக்குப் போகாது என்கிறார் முத்துக்கருப்பன். உங்களுக்கும் அதே எண்ணமிருந்தால் இடம் இருக்கிறது, பேனா எடுத்து ஒரு கோல் போட்டுப் பாருங்கள். நான் போட்டுப் பார்த்துவிட்டேன். அங்கே அப்ரின் நிற்கிறாள்.