வெல்லத்துண்டு

பாயையும் தலையணையையும் கொல்லையில் போட்டுவிட்டு, கீதாவின் இறால் பறிகளையும் எரிக்கக் கொண்டுவரச் சொன்னான் பெருமாள். கூடத்தில் கிடத்தியிருந்த பெண்டாட்டியின் உடல் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

வளர்மதி சுவரில் தொங்கிய பனையோலைக் கூடைகளைப் பார்த்தாள். இறால் தடவும்போது இரண்டு கையும் ஏரிச் சேற்றில் இருக்கும். பறியைப் பல்லால்தான் கடித்துக்கொள்ள வேண்டும். அக்கா கீதாவோ கடித்த வாயோடே ஊர்வம்பும் பேசுவாள். பாதி புரியாது, ஆனாலும் எல்லோரும் சிரிப்பார்கள்.

முகக்கவசத்தோடு வந்திருந்த நர்ஸ் ரோஸ்மேரி, காசநோய் பறியில் ஒட்டிக்கொண்டு வராது, இருமலில் காற்றோடு வருவது, கூட இருந்தவர்கள் சோதனைக்கு வந்தால் போதும் என்று சொல்லிப் பார்த்தாள். பெருமாள் கேட்கிற நிலையில் இல்லை. கீதாவின் காலடியில் வளர்மதியின் மகள் பூவிழி உட்கார்ந்திருந்தாள். நாலு வயசு. அவள் கழுத்தில் விரலை வைத்த ரோஸ்மேரி, விரலை எடுக்கவில்லை.

"எத்தினி நாளா சுடுது?"

"பத்து நாளா. சாயங்காலமானா மட்டும் சிஸ்டர்."

"நோய் ஒட்டாம இருக்க மாத்திரை குடுத்தேனே, தவறாம போட்டியா? அட்டைய எடுத்தா பாக்கலாம்."

போனில் கேட்டபோதெல்லாம் கொடுக்கிறேன் என்றுதான் வளர்மதி சொல்லியிருந்தாள். ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. பூவிழி அவளை ஒட்டித்தான் படுப்பாள். நன்றாக இருக்கிற குழந்தைக்கு அக்கா கண்ணெதிரே மாத்திரை கொடுப்பது, உன்னால்தான் வரும் என்று முகத்துக்கு நேரே சொல்வது மாதிரி. படுக்கையைப் பிரிக்கவும் மனசு வரவில்லை. அட்டைகளைக் கிழிந்த பறி ஒன்றுக்குள் செருகி உயரத்தில் மாட்டிவிட்டாள். அக்கா மனம் நோகாமல் பார்த்துக்கொண்டோம் என்று அப்போது பெருமையாகக்கூட இருந்தது. இப்போது தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அந்தப் பறியை இறக்கினாள். கிழிந்த ஓரம் புது ஓலையால் முடையப்பட்டிருந்தது. ஏரிக்குள் இறங்க முடியாமல் போனபின், கீதா வீட்டிலிருந்தபடி பழைய பறிகளைச் சரிசெய்தாள். தன் மாத்திரையை மட்டும் குமட்டுகிறது என்று பாதியில் விட்டிருந்தாள்.

உள்ளே அட்டைகள் இருந்தன. மேலே இருந்த மூன்றும் காலி. நான்காவதில் பாதி பிரிக்கப்பட்டிருந்தது.

வளர்மதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் கையில் அட்டையைக் கண்டதும் பூவிழி எழுந்து வந்து, பழகியவள் போல் வாயை அகலத் திறந்தாள்.

"இன்னாடி?"

"பெரிம்மா வெல்லத்தோட குடுக்கும். உன்னாண்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லிச்சி. நீ அழுவியாம்."

வளர்மதி மீதி மாத்திரைகளை எண்ணினாள்.

"அப்புறம் ஏன் நிறுத்திச்சி?"

"எழுந்துக்க முடியல. பறி எட்டலன்னு சொல்லிச்சி."

ரோஸ்மேரி அட்டையை வாங்கிப் பார்த்தாள். நோய் வந்துவிட்டதா என்று பார்க்காமல் இனி இதைக் கொடுக்கக் கூடாது, நாளைக்கே நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும், எதற்கும் மனசைத் திடப்படுத்திக்கொள் என்றாள். அட்டையைத் திருப்பித் தரவில்லை.

வாசலில் ஆட்கள் தூக்கலாமா என்று கேட்டார்கள். பெருமாள் எழுந்தான்.

பூவிழி இன்னும் வாயைத் திறந்தபடியே நின்றிருந்தாள். வளர்மதி அடுப்பங்கரைக்குப் போய் டப்பாவைத் துழாவி, வெறும் வெல்லத்தை அவள் நாக்கில் வைத்தாள்.