ஒன்றரை லிட்டர்

முதல் அடி என் வாயில் விழுந்தது. இரண்டாவதற்கு நான் காத்திருக்கவில்லை. டயாலிசிஸ் இயந்திரத்தைத் தள்ளிவந்த கையாலேயே அவன் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினேன். முகக்கவசத்துக்குள் ரத்தம் உப்புக் கரித்தது. டெக்னீஷியன் படிப்பில் குஸ்தி ஒரு பாடமாக இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அவன் நான் பார்க்க வந்த நோயாளியான கறிக்கடைக்காரரின் தம்பி. இருவரும் ஒரே கடையில் வெட்டுகிறவர்கள். அண்ணன் கொரோனா வார்டில் படுத்துப் பதினோரு நாள். மூச்சு தேறி, ஆக்ஸிஜனையும் எடுத்தாயிற்று. தம்பிக்குக் கொரோனா முன்பே வந்து போனதால் உடனிருக்க விட்டிருந்தார்கள்.

"நெஞ்சுல வந்த நோய்க்கு கிட்னியில என்னடா வேலை? தினம் கிட்னி அறுக்கிறவன் நான். எங்கிட்டயே திருடப் பாக்குறியா?"

"திருடி என்னய்யா பண்றது? அது ரெண்டும் வேலை செய்யாம கிடக்கு! இந்தக் கிருமி நெஞ்சோட நிக்காது. ரத்தத்தைக் கட்ட வச்சு கிட்னியையும் கெடுத்துடும். இப்பவே ரத்தத்தைச் சுத்தம் பண்ணலைன்னா உங்க அண்ணன் இதயம் நின்னுடும்."

"பொய்! நேத்து ஒன்றரை லிட்டர் போயிருக்கார். சீட்டைப் பாரு."

சீட்டில் அப்படித்தான் இருந்தது. ஐம்பது கட்டிலுக்கு இரண்டு நர்ஸ் உள்ள வார்டில், சிறுநீரைக் குவளையில் அளந்து காட்டுவது உடனிருப்பவர் வேலை. அந்த ஒன்றரை லிட்டரை நம்பித்தான் டாக்டர், கிட்னி கெட்டதாகக் காட்டிய நேற்றைய ரத்தப் பரிசோதனை தவறாக இருக்கும் என்று மறுபடி எடுக்கச் சொன்னார். அதில் ஒரு முழு நாள் போய்விட்டது.

கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தேன். கால் இரண்டும் வீங்கி, இமைகள் உப்பிக் கிடந்தன. ஒன்றரை லிட்டர் போகிற உடம்பா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குவளையில இருந்தது யாரோடதுடா?"

அவன் இயந்திரத்தின் குழாய்களை இரண்டு கையாலும் பிய்த்து எறிந்தான். நான் அவன் வயிற்றில் உதைத்தேன். அந்த நேரத்தில் அண்ணனின் இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர் அலறியது.

கட்டிலில் ஏறி நெஞ்சை அழுத்தினேன். மூன்றாவது அழுத்தில் விலா எலும்பு முறிந்தது. நான் கொல்கிறேன் என்று நினைத்து அவன் பின்னாலிருந்து என் கழுத்தை நெரித்தான். நர்ஸ் இரும்புத் தட்டால் அவன் மண்டையில் போட்ட பிறகே விட்டான். நெற்றியில் ரத்தம் வழியத் தரையில் உட்கார்ந்தான்.

"வீட்டுக்குப் போகணும்னு சின்னப் புள்ளையாட்டம் அழுதாருங்க. ஒண்ணுக்கு நல்லா போனாத்தான் விடுவோம்னாங்க. அதான் நானே..."

டாக்டரும் நானும் மாறி மாறி நாற்பது நிமிடம் அழுத்தினோம். கறிக்கடைக்காரர் திரும்பவில்லை.

அவருடைய மனைவி வார்டு வாசலில் நின்றிருந்தார். நான் வெளியே வந்ததும் கன்னத்தில் பளாரென்று அறைந்தார்.

"நேத்து ஒன்றரை லிட்டர் போனார்னு தம்பி போன்ல சொன்னானே! தேறி வந்த மனுஷனை என்னடா பண்ணே?"

என் வாய் யாருக்கும் அடங்கியதில்லை. பதில் நாக்கு நுனிக்கு வந்தது. பின்னால் வந்து நின்ற தம்பியின் முகத்தைப் பார்த்ததும் முழுங்கிக்கொண்டேன். அவர் மறுபடி கையை ஓங்கினார். தம்பி குறுக்கே வந்து தலையைக் கொடுத்தான்.

"என்னை அடிங்க அண்ணி. அது என்னோடது. அண்ணனுக்கு ரெண்டு நாளா ஒரு சொட்டு வரலை."

அவர் கை இறங்கிவிட்டது. பிறகு புடவைத் தலைப்பால் அவன் நெற்றி ரத்தத்தைத் துடைத்தார்.

"அப்பா நாளைக்கு வந்துடுவார்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். நீயே போய்ச் சொல்லு."

அவன் நகரவில்லை. நானாவது இன்னொரு அடி அடிக்க மாட்டேனா என்று என்னைப் பார்த்தான்.