ஊட்டாத குடுவை

கடலில் எண்ணெய் கொட்டிய இருபத்தோராம் நாள் நண்பகலில், ஆய்வுக்கூடத்துக் கதவைத் தட்டாமலே தம்பி உள்ளே வந்தான். வலை வீசுவதற்குத் தடை இருந்தது. அதை நீக்கலாமா, கூடாதா என்று எழுதித் தர வேண்டியவள் அவனுடைய அக்காள். “மூணே வாரம், பொறுத்துக்கோ” என்று முதல் வாரத்தில் அவள் வாய்விட்டிருந்தாள். அவனோ அதைத் துறைமுகம் முழுவதும் தம்பட்டம் அடித்துவிட்டான்.

“வலையெல்லாம் ஏத்தியாச்சுக்கா. விடிஞ்சா கிளம்பணும். கையெழுத்தப் போடு.”

அவள் இரண்டு குடுவைகளை எடுத்து வைத்தாள். இரண்டிலும் அதே கடல்நீர், அதே அளவு எண்ணெய். ஒன்று தெளிந்திருந்தது, மற்றதில் கரும்படலம் கண்ணாடியைப் பற்றிக்கொண்டிருந்தது.

“இது சுத்தமாத்தானே இருக்கு!”

“அது தெளியற வேகத்தப் பாத்துத்தான்டா நானும் மூணு வாரம்னு சொல்லித் தொலைச்சேன்.”

எண்ணெயின் இலேசான பகுதி காற்றோடு போய்விடும். எஞ்சியதில் பெரும்பகுதியை நீரிலுள்ள நுண்ணுயிர்கள் தின்னும். ஆயின் எண்ணெய் மட்டும் அவற்றுக்குப் போதாது. பயிருக்குப் போலவே தழைச்சத்தும் மணிச்சத்தும் வேண்டும். தெளிந்த குடுவைக்கு அவற்றை அவளே சொட்டுச் சொட்டாக ஊட்டியிருந்தாள். கடலில் அவை குறைவு; ஊட்டாத குடுவையே கடலுக்கு நேர். முதல் வாரத்தில் தம்பியின் வாடிய முகத்தைப் பார்த்தவள் அந்தக் குடுவையைப் பார்க்கத் தவறியிருந்தாள்.

“அப்பக் கடலுக்கும் நாலு சொட்டு ஊத்தேன்!”

“கடல் என்ன குடுவையாடா? ஊத்தினது அடுத்த அலையோட போயிடும்.”

“எப்பத்தான் தீரும்?”

“மாசக்கணக்காகும். இன்னொரு தடவ தேதி சொல்ல மாட்டேன்.”

அவன் நாற்காலியில் பொத்தென்று அமர்ந்தான். “படகுல வர்ற எட்டுப் பேரும் என்னக் கிழிச்சுடுவாங்க. வாய் உன்னோடது, அடி எனக்கா?”

தடை நீடிக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு கறுத்த குடுவையை இறுக மூடிச் சாப்பாட்டுப் பையில் வைத்தாள்.

“நட. நானே வந்து சொல்றேன்.”

துறையில் எண்மரும் காத்திருந்தனர். மீன்பெட்டியின்மேல் குடுவையை வைத்து, தான் சொன்னது பிழை என்பதை அவள் சுருக்கமாகச் சொன்னாள்.

“இதுல எத்தன மீன் பிடிக்கலாம்மா?” என்றார் மூத்த படகோட்டி. சிலர் சிரித்தனர்.

தம்பி சிரிக்கவில்லை. படகில் ஏறி வலையை இறக்கத் தொடங்கினான். அவள் கீழே நின்று ஒரு நுனியைப் பிடித்தாள். அவன் வேண்டாமென்று சொல்லவில்லை.